தலையாட்டி எடுத்த குரூப் போட்டோ

கோபுரத்துக் கைகள்

ஆயுத பூஜைக்காக உற்பத்தி லைனை நிறுத்தியிருந்தார்கள். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி அது. பூஜை முடிந்து பொரி, சுண்டல் கொடுத்த கையோடு, கம்பெனியில் வேலை செய்கிற அத்தனை பேரையும் பார்க்கிங் மைதானத்தில் அரைவட்டமாக நிறுத்தினோம். நடுவில் முக்காலி, அதன் மேல் மோட்டார் வைத்த தலை, தலை மேல் கேமரா. இடது கோடியிலிருந்து வலது கோடி வரைக்கும் கேமரா தானே கொஞ்சம் திரும்பும், நிற்கும், ஒரு படம் எடுக்கும், மறுபடி திரும்பும். அப்புறம் எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஒட்டினால் ஒரே நீளப் படம்.

ஒட்டிப் பார்த்தோம்.

வெல்டிங் பிரிவில் ஒருத்தருக்கு மூன்று கை. பெயின்ட் ஷாப் ஆள் ஒருத்தர் தன் பக்கத்தில் தானே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சூப்பர்வைசரின் தலை வேறொருவர் உடம்பில் உட்கார்ந்திருந்தது. வலது கோடியில் நிறுத்தியிருந்த கேன்டீன்காரர்கள் படத்திலேயே இல்லை.

ஹெச்.ஆர். கோபிநாத் சார் தன் அறையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டில்லி, இது கம்பெனி போட்டோவா, கோயில் கோபுரமா? ஒரு ஆளுக்கு எத்தன கைய்யா?"

"சார், ஓவர்டைம் பாக்குறவரு சார், ரெண்டு கை பத்தல போல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் கூட்டாளி இசக்கிமுத்துவும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் வாய் மூடிக்கொண்டது. அவனுக்கு அந்தப் படம் ஏன் முக்கியம் என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று துண்டு கரன்ட் கம்பம்

நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டினால் பதினாறு வருகிறது, காலேஜ் கணக்கு. சர்ட்டிபிகேட்டில்தான் அப்படிக் கூட்ட மாட்டேன் என்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில், ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எனக்கு ஸ்டுடியோ. தெற்கேயிருந்து ரயிலேறி வந்து இறங்கும் பையன்கள் கம்பெனியில் சேர பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பார்கள். அதுதான் சாப்பாடு.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மனைப் புரோக்கர்கள் வந்தார்கள். வடக்குப்பட்டு பக்கம் கல் நட்ட நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே படமாக எடுத்துத் தர வேண்டும், பேனர் அடிக்க. நான் முக்காலியில் கேமராவை வைத்துக் கையால் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஒட்டினால் நடுவில் நின்ற கரன்ட் கம்பம் மூன்று துண்டாக இருந்தது. புரோக்கர் பார்த்துவிட்டு, "இன்னா டில்லி, மனை வாங்கினா இருட்டுலதான் கெடக்கணும்னு சொல்றியா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவன்தான் இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். டிப்ளமோ படித்துவிட்டு, முதலில் சொன்ன அந்த ஒரகடம் கம்பெனியில் கான்ட்ராக்டில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தான். ஊர்ப் பையன்களோடு ஒரு ரூமில் தங்கியிருந்தான். சீப்போடு எழுந்து வந்து மானிட்டரைப் பார்த்தான்.

"கம்பம் மேல தப்பு இல்லண்ணே. நீங்க கேமராவ அதோட கழுத்த வச்சு திருப்புதிய. லென்ஸ் வழியா வெளிச்சம் குறுக்க போற இடம் ஒண்ணு இருக்குல்லா, அத நடுவா வச்சு திருப்பணும்."

"தம்பி, நீ தல சீவ வந்தியா, எனக்கு சீவ வந்தியா?"

"ரெண்டும்தாம்ணே" என்றான்.

மறுநாளே வந்தான். இரண்டு ஊதுபத்தியை ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி மண்ணில் நட்டான். கேமராவை முன்னே பின்னே தள்ளி, எந்த இடத்தில் வைத்துத் திருப்பினால் இரண்டு பத்தியும் ஒன்றை விட்டு ஒன்று விலகாமல் நிற்கிறது என்று பார்த்தான். அதுதான் அவன் சொன்ன இடம். அங்கே வைத்து எடுத்தால் கம்பம் ஒரே கம்பம். எதிர்க்கடைக்காரர், ஊதுபத்தி வாசனையில், ஸ்டுடியோவுக்கு ஏதோ தோஷம் கழிக்கிறார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இடம் சரியானாலும் என் கை சரியில்லை. ஒரு தடவை நிறையத் திருப்புவேன், ஒரு தடவை குறைவாக. "மோட்டார் வச்சிருவமா?" என்று கேட்டான் இசக்கி. உடைந்த ஜெராக்ஸ் மெஷினிலிருந்து இரண்டு ஸ்டெப்பர் மோட்டார், அடி அடியாகத் திரும்பி நிற்கிற வகை, கழற்றினோம். பக்கவாட்டில் திருப்ப ஒன்று, மேலே கீழே சாய்க்க ஒன்று. வல்லம் வடகால் லேத் பட்டறையில் கேமராவைப் பிடிக்க ஒரு அலுமினியக் கை கடைந்து வாங்கினோம். மோட்டாரை ஓட்ட ஒரு சின்ன போர்டு. பார்ப்பதற்கு மிக்ஸி ஒன்று விபத்தில் சிக்கியது மாதிரி இருந்தது.

முதல் நாள் அது திரும்ப ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கேமரா ஒயரெல்லாம் முக்காலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, கடைசியில் தன்னைத் தானே கட்டிப்போட்டு நின்றது. நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். என் சட்டைப் பொத்தானும் உள்ளே மாட்டிக்கொண்டது. இசக்கி பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொன்னான், "அண்ணே, நீங்க நிறுத்தலேன்னா அது உங்களயும் சேத்து பனோரமா எடுத்திருக்கும்."

சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டுவதால் அதற்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தேன். என் பங்குக்கு நான் செய்த முதல் வேலை அந்தப் பெயர்தான்.

ஊர்ப் பாத்திரம்

தலை இருந்தால் போதாது, அதற்குப் புத்தி வேண்டும். எத்தனை படம், ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு ஏறியிருக்க வேண்டும், திரும்பி நின்றபின் எவ்வளவு நேரம் பொறுத்துக் கிளிக் செய்ய வேண்டும், இதையெல்லாம் சொல்வது சாப்ட்வேர். இசக்கி நெட்டில் தேடி ஒன்றைப் பிடித்தான். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து பாதி எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஜெராக்ஸ் மோட்டாருக்கு அது ஒத்து வரவில்லை. அந்தப் பகுதியை இவன் எழுதினான். எழுதி முடித்ததும், உலகமே பார்க்கிற மாதிரி அதை நெட்டில் போட்டுவிட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன்டா, ராப்பகலா ஒக்காந்து எழுதிட்டு சும்மா தூக்கிக் குடுக்குற? நாளிக்கு செங்கல்பட்டுல ஒருத்தன் இதையே வச்சு கட போட்டா இன்னா பண்ணுவ?"

"போடட்டும்ணே. அவன் ஏதாவது திருத்துனா நமக்கும் வரும்லா. உங்க ஊர்ல கல்யாணத்துக்கு அண்டா எங்க எடுப்பிய?"

"கோயில்ல ஊர்ப் பாத்திரம் கீது. அத எடுப்போம்."

"திருப்பிக் குடுக்கும்போது?"

"வெளக்கிக் குடுப்போம். காது ஒடஞ்சிருந்தா பத்த வச்சுக் குடுப்போம்."

"அவ்வளவுதாம்ணே. இது ஊர்ப் பாத்திரம். ஊரு கொஞ்சம் பெருசு."

எனக்கு அன்றைக்குத்தான் ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று புரிந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அண்டாவைத்தான் சொல்கிறேன்.

அந்த ஊர்க்காரர்களில் மார்கோ என்று ஒரு இத்தாலிக்காரர். சர்ச்சுகளை உள்ளே நின்று சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறவர். இசக்கி எழுதியதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் தலை நின்றபின் இவ்வளவு நேரம் ஏன் காத்திருக்கிறது, சோம்பேறித்தனமாக இருக்கிறதே என்று எழுதியிருந்தார்.

"சோம்பேறியா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எழுதுடா. ஒரகடம் ரோட்டோரம் ஒரு வாட்டி முக்காலி வச்சிப் பாரு. கன்டெய்னர் லாரி போனா பூமியே ஆடும். அது அடங்க வேணாமா? உங்க சர்ச்சுக்குள்ள லாரியா போவுது, கேளு."

இசக்கி அதை மரியாதையான இங்கிலீஷில் எழுதினான் என்று நினைக்கிறேன். மார்கோ சிரித்துப் பதில் போட்டார். அடுத்த வாரம், காத்திருக்கும் நேரத்தை அவரவர் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள ஒரு வசதியைச் சேர்த்துவிட்டார். எங்கள் அண்டாவுக்கு இத்தாலியில் பற்ற வைத்த காது.

நான் சேர்த்ததும் ஒன்று உண்டு. வெளியில் எடுக்கும்போது லாரி சத்தத்தில் ஷட்டர் விழுவது காதில் விழாது. "படம் எடுத்துச்சா இல்லியான்னு எனக்கு எப்பிடிடா தெரியும்? ஒரு பஸ்ஸர் வையி, நல்லா அடிக்கிற மாதிரி" என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் பீ...ப் என்று அடித்தது. அந்த வசதிக்காக, சாப்ட்வேரை எழுதியவர்கள் பட்டியலில் கடைசியில் என் பெயரையும் இசக்கி போட்டான். டில்லி, சோதனை, சத்தம். பள்ளிக்கூடத்தில் சத்தத்துக்காகத்தான் என்னை வெளியே அனுப்புவார்கள். அதற்காக உள்ளே சேர்த்துக்கொண்டது இங்கேதான்.

ஹெல்மெட் பிடிப்பவர்கள்

அந்தக் கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு குரூப் போட்டோ எடுப்பது நான்தான். அன்றைக்குத்தான் லைன் நிற்கும், இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஆனால் என் லென்ஸுக்குள் பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான் அடங்குவார்கள். "பிரேம்ல இடம் பத்தாது, மத்தவங்க கொஞ்சம் அந்தாண்ட" என்று அறிவிப்பு வரும். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தாண்டை போவார்கள். சும்மா போக மாட்டார்கள். போட்டோவில் முகம் தெரிய வேண்டும் என்று பர்மனென்ட்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இசக்கிமுத்து வருஷா வருஷம் கை நிறைய ஹெல்மெட்டோடு ஷெட் நிழலில் நின்றவன். அதைப் பற்றி அவன் என்னிடம் ஒன்றும் பெரிதாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னான்.

"எங்கம்மா கேக்காண்ணே, கம்பெனியில எல்லாரும் சேந்து எடுத்த படம் இல்லயாலேன்னு. இருக்கு, நா லீவுல இருந்தேன்னு சொல்லியிருக்கேன்."

கேன்டீனில் சரோஜா அக்கா. வடக்குப்பட்டுக்காரர். அந்தக் கம்பெனி கட்டும்போது கல் சுமந்து, கட்டி முடித்தபின் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர். அவர் கரண்டியில் சாப்பிடாத ஆள் அங்கே கிடையாது. போட்டோவில் மட்டும் அவர் கிடையாது.

தலையாட்டி சரியாக வேலை செய்ய ஆரம்பித்ததும் நான் கோபிநாத் சாரிடம் போனேன். "சார், இந்த வாட்டி பிரேம் பத்தலன்ற பேச்சே இல்ல சார். அரைவட்டமா நின்னா படத்துல நேரா வுழும். எத்தினி பேர் வேணா நிக்கலாம். எல்லாரையும் நிப்பாட்டுங்க."

கோபிநாத் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்து ரிசப்ஷன் சுவர்ல மாட்டப் போறாங்க டில்லி. சொதப்புச்சுன்னா என் தலதான் ஆடும்."

"எங்க தல ஆடாது சார்" என்றேன். அந்தத் தைரியத்தில்தான் கோபுரத்துக் கைகள் வந்து விழுந்தன.

கேன்டீனில் ஒரு லேப்டாப்

இப்போது கோபிநாத் சார் அறைக்குத் திரும்புவோம். அவர் மானிட்டரை அணைத்தார்.

"சரி. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. சாப்பிட்டு வந்ததும் பழைய கேமராவுல பர்மனென்ட் மட்டும் ஒண்ணு எடுத்துடுங்க. அதுக்கப்புறம் லைன் ஸ்டார்ட் ஆயிடும்."

"சார், இன்னொரு வாட்டி..."

"ஏன் இப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு. மோட்டார் சரியாகத் திரும்பியிருந்தது, எடுத்த படம் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது. இசக்கி வெளியே வந்ததும், "மோட்டார் பெல்ட் வழுக்கியிருக்கும்ணே" என்றான். பெல்ட்டைப் பார்த்தோம், வழுக்கவில்லை. "அப்ப என் புரோகிராம்தாம்" என்றான். லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனோம். சோகம் என்றாலும் பூஜை நாளில் வடை உண்டு.

சரோஜா அக்கா கவுன்டரில் நின்றார். போட்டோவுக்காகப் பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். இப்போது அதன் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா டில்லி, நாங்க நல்லா வுழுந்துக்கீறோமா?"

நான் தட்டைப் பார்த்தேன். "அக்கா, அது வந்து... நீங்க படத்துலயே வரலக்கா."

கரண்டி நின்றது. "வரலயா? அவ்ளோ நேரம் வெயில்ல நின்னமே."

"நிக்க வச்ச எடத்துல நின்னீங்களா?"

"நின்னோம்பா. பக்கத்துல இருக்கிறவன் நகந்தான், நாங்களும் நகந்தோம். அப்பிடியே நகந்து நகந்து சைக்கிள் ஸ்டாண்டாண்ட போய்ட்டோம். கேமரா அங்க வரும்னு நெனச்சோம்."

"ஏன் நகந்தாங்க? யாராவது தள்ளினாங்களா?"

"ஒருத்தரும் தள்ளல. பீப் அடிச்சுது, நகந்தாங்க."

அந்த நேரம் பார்த்து, கவுன்டருக்கு முன்னால் இருந்த கார்டு மெஷினில் ஒருத்தர் கார்டைக் காட்டினார். பீ...ப். வரிசை மொத்தமும் ஒரு அடி முன்னால் வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஒருத்தர் போனில் பேசிக்கொண்டிருந்தார், ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கால் மட்டும் வந்தது. அடுத்த கார்டு. பீ...ப். இன்னொரு அடி.

நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கேட்டில் நுழையும்போது பீப், டீக்கு பீப், சாப்பாட்டுக்கு பீப். வருஷக்கணக்காக அந்தச் சத்தம் கேட்டால் ஒரு அடி எடுத்து வைத்துப் பழகிய கால்கள் இவை. நான் சென்னை ரிச்சி தெருவில் தேடித் தேடி வாங்கிய பஸ்ஸரும் அதே சத்தம்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பீப், ஒரு அடி. அதுவும் கேன்டீன் இருக்கிற பக்கமாக. படத்துக்குப் படம் ஒட்டுகிற இடத்தில் நின்றவர்களெல்லாம் இந்தப் படத்தில் ஒரு தடவை, அடுத்த படத்தில் ஒரு தடவை. கடைசியில் நின்ற கேன்டீன்காரர்கள் சைக்கிள் ஸ்டாண்டில்.

"நீ வரிசைலதானடா நின்ன, பாக்கலியா?" என்றேன் இசக்கியிடம். போட்டோவில் அவனும் வர வேண்டும் என்பதற்காகத்தான், வரிசைக்குள் நின்று போனில் பட்டனைத் தட்டுகிற மாதிரி எழுதியிருந்தான்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "நானும் நகந்திருக்கேன்ணே."

"வெளங்கிச்சு."

"நீங்க நடுவுலதான இருந்திய? உங்களுக்குத் தெரியலயா?"

எனக்குத் தெரிந்தது ஷூக்கள். ஒயர் சுற்றிக்கொள்ளாமல் பிடித்தபடி, முக்காலிக்கு அடியில் தலையாட்டியோடு சேர்ந்து தவழ்ந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் ஷூக்கள் நகர்ந்தது நன்றாகவே தெரிந்தது. பூஜைக்காகக் காலையில் சாப்பிடாததால் மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரோஜா அக்கா வரிசையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இன்னொரு வாட்டி எடுப்பீங்களா மாட்டீங்களா? சொல்லு, எடுக்கறதுன்னா இந்த ஏப்ரனக் கழட்டறேன்."

அப்படியே நில்லு

ரசம் வாளிக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தான் இசக்கி. பீப் அடிக்கச் சொல்லும் வரியை எடுத்துவிட்டான். எழுத நாள் கணக்கானது, எடுக்க ஒரு வாய் சோறு நேரம்.

"சத்தமே இல்லாம எடுத்தா?" என்றேன்.

"அப்ப முடிஞ்சதா இல்லயான்னு தெரியாம பாதியிலயே கலஞ்சிருவாங்கண்ணே. ஏதாவது சத்தம் வேணும். நிக்க வைக்கிற சத்தம்."

"நானே கத்தட்டுமா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவன் போனை எடுத்து என் வாய்க்கு முன்னால் நீட்டினான். "கத்துங்க."

கேன்டீன் நடுவில் நின்று, கல்யாண வீட்டில் பந்தியை அதட்டுகிற குரலில் கத்தினேன். "ஆடாதே! அப்படியே நில்லு!" டிபன் தட்டோடு போன இரண்டு பேர் நிஜமாகவே நின்றுவிட்டார்கள். "சரியா இருக்கு" என்றான் இசக்கி. பீப் இருந்த இடத்தில் என் குரலை வைத்தான். லேப்டாப்பைப் பூஜைக்கு வாடகைக்கு வந்திருந்த மைக் செட்டோடு சேர்த்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு வரியையும் மாற்றினான். தலை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற வரி.

"வலது பக்கமிருந்து வரட்டும்ணே. பரிமாறுதவங்க எப்பவும் கடைசியிலதான சாப்பிடுதாங்க. படத்துலயாவது மொதல்ல வரட்டும்."

நான் வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

பழைய கேமராவோடு நான் வருவேன் என்று கோபிநாத் சார் மைதானத்தில் காத்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம். பீப்புக்கு நகர்ந்த கதையைக் கேட்டு அவர் உதடு துடித்தது, ஆனாலும் விடவில்லை.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்தத் தடவ வரும்னு கேரண்டி குடுப்பீங்களா?"

"சார், கேமராவுக்கே ஒரு வருஷந்தான் கேரண்டி. அதுவும் முடிஞ்சி போச்சு" என்றேன்.

"அப்போ வேணாம். சரி, ஒண்ணு பண்ணலாம். உங்க மெஷின்லயே எடுங்க. ஆனா பர்மனென்ட் மட்டும். மத்தவங்கள டைம் இருந்தா அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அப்புறம் என்றால் லைன் ஓட ஆரம்பித்துவிடும்.

இசக்கி மெதுவாகச் சொன்னான். "சரி சார். அப்ப நானும் அந்தப் பக்கம் போயி நிக்கணும்லா சார். நா கான்ட்ராக்ட்." போனை அவரிடம் நீட்டினான். "பட்டன யாராவது அமுக்கிக்கிடுங்க."

கோபிநாத் சார் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டில்லி, உனக்குத் தெரியுமில்ல?"

"ஆன் பண்ணத் தெரியும் சார். ஆப் பண்ணத் தெரியாது. போன வாட்டி அது என் சட்டையப் புடுங்கிச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பர்மனென்ட் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், எல்லாரும் நிக்கட்டும் சார். பேசற நேரத்துல எடுத்தே முடிச்சிருக்கலாம்." இன்னொருவர், "எனக்கு மூணு கை இருந்தாலும் பரவால்ல சார்" என்றார்.

கோபிநாத் சார் வாட்சைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார். "எல்லாரும் வாங்க. பர்மனென்ட், கான்ட்ராக்ட், செக்யூரிட்டி, கேன்டீன், எல்லாரும்." கொஞ்சம் தயங்கி, "ஹெல்மெட்ட கையில கொடுக்காதீங்க, கீழ வைங்க" என்றார்.

அரைவட்டம் நின்றது. அத்தனை ஹெல்மெட்டும் அவரவர் காலடியில் மஞ்சளாக உட்கார்ந்தன. இசக்கி வரிசையின் நடுவில் நின்று போனைத் தட்டினான். தலையாட்டி வலது கோடிக்குத் திரும்பியது, நின்றது, அடங்கக் காத்திருந்தது, கிளிக். மைக் செட்டில் என் குரல் மைதானம் முழுக்க இடித்தது. "ஆடாதே! அப்படியே நில்லு!"

நானே பயந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஒயரைப் பிடிக்க வேண்டியவன் நான் என்று ஞாபகம் வந்து தவழ்ந்தேன். இந்தத் தடவை ஷூக்கள் நகரவில்லை. வரிசை வரிசையாக, செருப்புகளும் ஷூக்களும், ஒரு பச்சைப் பட்டின் கரையும், எல்லாம் நட்டு வைத்த மாதிரி நின்றன.

லேப்டாப்பில் சின்ன அளவில் ஒட்டிப் பார்த்தோம். ஆளுக்கு இரண்டு கை. கோபிநாத் சார் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தார், கடைசியில் நிமிர்ந்தார். "டில்லி, நீ எங்கய்யா?"

படத்தின் நடு அடியில், முக்காலியின் நிழல் விழுந்த இடத்தில், என் முழங்கை மட்டும் வந்திருந்தது. "அது போதும் சார், மூணாவது கை யாருக்காவது தேவப்பட்டா வச்சுக்கட்டும்" என்றேன்.

சுவரில்

அந்தத் திருத்தத்தை இசக்கி நெட்டில் போட்டான். அவரவர் மொழியில் குரல் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினான். மாதிரிக்கு என் குரல் அதிலேயே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று மார்கோவுக்குத் தோன்றவில்லை. ஒரு சர்ச்சில் பாட்டுக் குழுவை நிறுத்திப் படம் எடுத்தாராம். தலை திரும்பி நின்றதும், அந்தச் சர்ச்சின் கூரை வரைக்கும் "ஆடாதே! அப்படியே நில்லு!" என்று கேட்டதாம். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஒருத்தரும் அசையவில்லை, இந்த மொழியில் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். பூசை சம்பந்தப்பட்டது என்று எழுதச் சொன்னேன். இசக்கி உண்மையைத்தான் எழுதினான்.

அந்த வேலைகளை நெட்டில் பார்த்துத்தான் பெங்களூரில் கேமரா கருவி செய்கிற ஒரு கம்பெனி பிறகு அவனைக் கூப்பிட்டது. போகும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதி சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அம்மாவிடம் லீவு கதையை மாற்றிச் சொல்ல வேண்டுமே.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகள் பெரிய பெரிய புரோகிராம் எழுதுவீர்கள். என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மெஷின் ஏன் சரியாக நடக்கவில்லை என்று தெரியாவிட்டால், அதற்கு முன்னால் நிற்கிற ஆட்கள் எதற்குப் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரம் தெரியும். வடையும் கிடைக்கும்.

படத்தை ரிசப்ஷனில் மாட்டினார்கள். கேன்டீன் ஆட்கள் அந்த வழியாக வருவதில்லை, அவர்களுக்குப் பின் கேட். அதை யார் சொன்னார்களோ, கோபிநாத் சார் இன்னொரு பிரதி கேட்டு ஆள் அனுப்பினார். நானே எடுத்துக்கொண்டு போய், கேன்டீனில் கார்டு மெஷினுக்கு மேலே, சுவர் நீளத்துக்கு மாட்டினேன். சாப்பாட்டு நேரம் ஆரம்பித்தது. முதல் ஆள் கார்டைக் காட்டினார். பீ...ப் என்றது.

வரிசை நகரவில்லை. அத்தனை பேரும் கழுத்தை நிமிர்த்தி, சுவரில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கவுன்டரிலிருந்து சரோஜா அக்கா கரண்டியால் அண்டாவைத் தட்டினார்.

"இன்னாபா, பீப் அடிச்சி எவ்ளோ நேரமாச்சு! நகருங்க, சாம்பார் ஆறுதில்ல!"

சொல்லிவிட்டு அவரும் நிமிர்ந்து, வலது கோடியில் பச்சைப் பட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.